மலைக்கு வந்த குழந்தைகள்

"விருந்தாளியிடம் காசு வாங்குகிறவன் ஹோட்டல்காரன். அவனைப் போய் விருந்தோம்புகிறவன் என்று சொல்லலாமா?" என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் மேஜையைத் தட்டிப் பேசினார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த நாட்டில் பிறந்த நாம் இதற்கு என்ன மறுப்புச் சொல்ல முடியும்? கூடியிருந்தவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள், நாமும் ஆட்டினோம். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பிரான்ஸ் தேசத்தின் தெற்குப் பாதியிலுள்ள ஒரு மலைக் கிராமத்தின் ஞாபகம் வந்தது. அவ்வூர் ஜனங்கள் சுமார் ஐம்பது வருஷ காலம் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, அதற்குப் பணமும் வாங்கிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் ஒரு பொல்லாத காலத்தில் என்னவாயிற்று என்பதை நண்பருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று தவறவிட்ட பதிலை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்கிறோம்.

கிராமத்தின் பெயர் லெ ஷாம்போன். லிஞோன் என்ற சிற்றாற்றின் கரையில், கடல் மட்டத்துக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென் பிரான்ஸ் என்றதும் நம்மில் பலருக்குத் திராக்ஷைத் தோட்டமும் நீலக் கடலும் சுள்ளென்ற வெயிலுமே கண் முன் நிற்கும். இங்கே அவையொன்றும் கிடையாது. பைன் மரக் காடுகள், மாடு மேயும் புல்வெளிகள், கருங்கல்லால் கட்டிய பண்ணை வீடுகள் இவைதான் உண்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து 'பியூர்ல்' என்னும் காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டு வரும். அது வீசத் தொடங்கினால் பாதையும் தெரியாது, பக்கத்து வீடும் தெரியாது. மண்ணும் வளமானதன்று. உருளைக்கிழங்கும் பாலும் ரை தானியத்து ரொட்டியும் அந்த ஜனங்களின் ஆகாரம்.

மண் கொடுக்காததைக் காற்று கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பக்கத்து ஸேன்-எத்தியேன் நகரம் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையுமாகப் புகைந்துகொண்டிருந்தது. அங்கே லூயி கோம்த் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் கரிப் புகையில் வெளுத்து மெலிந்து போவதைக் கண்ட அவர், 1893-ஆம் வருஷத்தில் ஒரு சங்கம் நிறுவி, அக்குழந்தைகளைக் கோடைகாலத்தில் மலைமேலுள்ள குடியானவர் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். சங்கம் குழந்தைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும். பண்ணை வீட்டு அம்மாள் பாலும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1902-இல் சிறு ரயில் வண்டி ஷாம்போனுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு கோடை பிறந்தால் குழந்தைகளும் குடும்பங்களுமாக வந்து இறங்கினார்கள். ஊரில் போஜன விடுதிகளும், குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லங்களும் மளமளவென்று பெருகின.

இதைக் கொஞ்சம் மனத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும். ஒரு குடியானவர் வீட்டில் பாட்டி குழந்தையாக இருந்தபோதே பட்டணத்துக் குழந்தை ஒன்று வந்து தங்கியிருக்கிறது. தாய் வளர்ந்தபோதும் வந்திருக்கிறது. பெயர் தெரியாத பிள்ளை பையும் கையுமாக வாசலில் வந்து நின்றால் மேலே கீழே பார்க்காமல் இன்னொரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி வைப்பது அவ்வீட்டில் ஒரு பரம்பரை வழக்கம். அப்பிள்ளை இரவில் அம்மாவை நினைத்து அழும் என்பது தெரியும். முதல் மூன்று நாள் சாப்பிடாது, நாலாம் நாள் இரண்டு பங்கு சாப்பிடும் என்பதும் தெரியும். இவையெல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற வித்தைகளல்ல. இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பிறர் பெற்ற பிள்ளைகளோடு காலம் தள்ளிய நாம் இதை நிச்சயமாகச் சொல்லுவோம்.

அவ்வூராருக்கு இன்னொரு பரம்பரைச் சொத்தும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கர் நிறைந்த பிரான்ஸில் சிறு கூட்டம். 1685-இல் பதினாலாம் லூயி மன்னன், தன் பாட்டனார் அவர்களுக்கு அளித்திருந்த மத சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டான். அது முதல் நூறு வருஷத்துக்கு அவர்கள் திருட்டுத்தனமாகக் காட்டில் கூடிப் பிரார்த்தனை செய்தவர்கள்; பாதிரிமாரை வைக்கோற் போரில் ஒளித்தவர்கள். ஸர்க்கார் உத்தரவு வேறு, மனச்சாட்சியின் உத்தரவு வேறு என்பதை அவ்வூர்க் குழந்தைகள் பால்குடி காலத்திலேயே தெரிந்துகொண்டார்கள். தேசபக்தியின் பெயரால் சட்டத்தை மீறிச் சிறை சென்றவர்களின் வழிவந்த நமக்கு இந்த மனப்பான்மையை விளக்க வேண்டிய அவசியமில்லை.

1934-இல் இவ்வூர்க் கோயிலுக்கு ஆந்த்ரே த்ரோக்மே பாதிரியாராக வந்தார். அவர் மனைவி மாக்தா, இத்தாலியில் ப்ளாரென்ஸ் நகரத்தில் பிறந்தவள். அஹிம்ஸையில் அசையாத நம்பிக்கையுள்ள தம்பதிகள். 1938-இல் த்ரோக்மேயும் அவருடைய நண்பர் எத்வார் தெய்ஸ் பாதிரியாரும் சேர்ந்து ஒரு புதுப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். தேசங்களுக்கிடையே சமாதானம் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1940 ஜூன் 22-ஆம் தேதி பிரான்ஸ் ஜெர்மனியிடம் சரணடைந்து கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. த்ரோக்மேயும் தெய்ஸும் கோயிலில் நின்று, பலாத்காரத்தை ஆத்மாவின் ஆயுதங்களைக் கொண்டே எதிர்க்க வேண்டியது கிறிஸ்தவனுடைய கடமை என்று பிரசங்கம் செய்தார்கள். காந்தியடிகளின் வார்த்தையைக் கேட்டது போல் நமக்குத் தோன்றுகிறது அல்லவா?

பிரசங்கம் செய்வது ஒன்று. பிழைக்க வந்த பிள்ளைக்கு ரொட்டி தேடுவது வேறு. ரொட்டி தேடும் கட்டம் சீக்கிரத்திலேயே வந்தது.

1940 அக்டோபரில் ஜெர்மானியர் தங்கள் நாட்டின் தென்மேற்குப் பகுதியிலிருந்து சுமார் 6,500 யூதர்களை ரயிலேற்றிப் பிரான்ஸின் தென் கோடிக்கு அனுப்பினார்கள். விஷி நகரத்திலிருந்து ஆண்ட பிரெஞ்சு ஸர்க்கார் அவர்களைப் பிரனீஸ் மலையடிவாரத்தில் கூர்ஸ் என்ற முகாமில் அடைத்தது. சேறும் எலியும் பசியும் நிறைந்த இடம். மார்ஸேல் துறைமுகத்தில் அப்போது க்வேக்கர் சங்கத்தார் தர்ம காரியங்கள் செய்துகொண்டிருந்தார்கள். த்ரோக்மே அவர்களிடம் போய், முகாமில் ஊழியம் செய்யத் தாம் வருவதாகச் சொன்னார். அவர்களில் பர்ன்ஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். முகாமில் ஊழியம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். முயன்றால் குழந்தைகளை வெளியே கொண்டு வரவும் வழி உண்டு. வெளியே வந்த குழந்தைகளை ஏற்றுக்கொள்ளத்தான் எந்த ஊரும் துணியவில்லை. உங்கள் ஊர் துணியுமா? சால்மர்ஸ் கேட்டதன் சாரம் இதுதான்.

பட்டணத்துக் குழந்தைகளை வரவேற்று ஐம்பது வருஷம் பழகிய ஊரிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். கோடையில் நிரம்பிக் குளிர்காலத்தில் காலியாய்க் கிடக்கும் விடுதிகள் இருந்தன, கட்டில்கள் இருந்தன, சமைக்கத் தெரிந்த அம்மாள்கள் இருந்தார்கள். த்ரோக்மே ஊருக்குத் திரும்பி வந்து சபையின் பெரியவர்களைக் கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள்.

1941-ஆம் வருஷத்து வசந்த காலத்தில் ஸ்விட்ஜர்லாந்தின் குழந்தை நிவாரண சங்கம் 'லா கெஸ்பி' என்ற இல்லத்தைத் திறந்தது. பின்னர் 'லாப்ரி', 'ஃபைதோலி' என்று வேறு இல்லங்களும் தோன்றின. இவற்றையெல்லாம் மேற்பார்த்தவர் ஔகுஸ்ட் போனி என்ற ஸ்விஸ் உபாத்தியாயர். வயது இருபத்திரண்டோ என்னவோதான். இவை தவிரத் தனி வீடுகளில் ஒருவர் இருவராகவும், பண்ணைகளில் மாட்டுக் கொட்டகைக்கு மேலுள்ள பரணிலும் குழந்தைகள் தங்கினார்கள். பல குழந்தைகளுக்கு நிவாரண சங்கங்கள் சாப்பாட்டுச் செலவு கொடுத்தன. அதை வீட்டார் வாங்கிக் கொண்டார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. ரேஷன் காலத்தில் ஏழைக் குடியானவன் வேறு எப்படி இன்னொரு வயிற்றை நிரப்புவான்? நண்பர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்குத்தான் பணம் வந்தது. பிடிபட்டால் அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலைக்கு எந்தச் சங்கமும் கணக்கெழுதவில்லை.

மாக்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒரு யூத ஸ்திரீ பனியில் நனைந்து வந்து பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வரலாமா என்று கேட்டாள். வரவேண்டியதுதான், வந்து சாப்பிடு என்றாள் மாக்தா. பிறகு அவளுக்கு அத்தாட்சிப் பத்திரம் வாங்குவதற்காக ஊர்த் தலைவரிடம் ஓடினாள். அவரோ, ஊருக்கு ஆபத்தைக் கொண்டு வருகிறாயே என்று சீறி விழுந்தார். அதற்குப் பிறகு மாக்தா உத்தியோகஸ்தர்களைக் கேட்பதை விட்டுவிட்டாள். கதவைத் திறப்பதை மட்டும் விடவில்லை. தான் செய்ததைப் பற்றிப் பிற்காலத்தில் யார் புகழ்ந்து பேசினாலும் அவளுக்குப் பிடிக்காது. கதவைத் தட்டினார்கள், திறந்தேன், இதில் என்ன இருக்கிறது என்கிற தோரணையிலேயே பதில் சொல்லுவாள்.

1942 ஜூலை 16-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் பிரெஞ்சுப் போலீஸார் யூதர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். இரண்டு நாட்களில் சுமார் 13,000 பேர், அவர்களில் குழந்தைகள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டு 10-ஆம் தேதி, விஷி ஸர்க்காரின் இளைஞர் இலாகா அதிகாரி லமிரான் ஷாம்போனுக்கு விஜயம் செய்தார். ஆடம்பர வரவேற்பை எதிர்பார்த்து வந்தவருக்குச் சாதாரணச் சாப்பாடே கிடைத்தது. அதோடு பள்ளிக்கூடத்து மாணவர் சிலர் ஒரு கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்தது எங்களுக்குத் தெரியும். எங்களிடையேயும் யூத மாணவர்கள் இருக்கிறார்கள். யார் யூதர் யார் அல்லாதவர் என்று நாங்கள் பேதம் பார்ப்பதில்லை. எங்கள் தோழர்களைப் பிடிக்க உத்தரவு வந்தால் அவர்கள் கீழ்ப்படியமாட்டார்கள், நாங்கள் அவர்களை ஒளித்து வைப்போம். இதுதான் கடிதத்தின் பொருள். மாணவர்கள் கொடுக்கும் மனுக்களை நாமும் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த மாத இறுதியிலேயே போலீஸார் பஸ்களோடு வந்தார்கள். பாதிரியாரிடம் யூதர்களின் ஜாபிதாவைக் கேட்டார்கள். அவர் தர மறுத்தார். போனியின் இல்லத்துக்குப் போன போலீஸாரிடம், இக்குழந்தைகள் ஸ்விட்ஜர்லாந்தின் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்று அந்த இளைஞர் உறுதியாக நின்றார். போலீஸார் மேலதிகாரியைக் கேட்டு வரப் போன சமயம் குழந்தைகள் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். பிறகு இது வழக்கமாகிவிட்டது. சோதனை வருகிறதென்று முன்கூட்டிச் செய்தி எட்டும்; சில சமயம் இன்னார் என்று சொல்லாமல் டெலிபோன் மணி அடிக்கும். உடனே பிள்ளைகள் காளான் பறிக்கப் போவது போல் காட்டுக்குப் போய்விடுவார்கள். போலீஸார் போன பிறகு வீட்டார் காட்டோரத்துக்குப் போய் ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பாடுவார்கள். அதுதான் திரும்பி வரலாம் என்பதற்கு அடையாளம். ஒளிந்திருந்தவர்களில் சிலர் கிழவர்களான பிறகும் இந்தப் பாட்டை மறக்காமல் சொன்னார்கள்.

காலையில் காட்டிலிருந்து வந்த பிள்ளை பத்து மணிக்கு வகுப்பில் உட்கார்ந்து லத்தீன் படித்தது என்பதுதான் நம்மைப் பிரமிக்க வைக்கிறது. பள்ளிக்கூடம் நின்றுவிடவில்லை. கணக்கு, இலக்கணம், பரீட்சை எல்லாம் நடந்தன. வேலையிழந்து ஓடிவந்த பெரிய பேராசிரியர்களே சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு கஷ்டம் இருந்தது. அதை உபாத்தியாயர்களே நன்றாக உணர முடியும். யூதப் பெயருள்ள பிள்ளைக்கு வேறு பெயரில் அத்தாட்சி வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். அவற்றையெல்லாம் பொய்யாகத்தான் தயாரிக்க வேண்டும். நீஸ் நகரத்திலிருந்து வந்த ஆஸ்கார் ரோஸோவ்ஸ்கி என்ற பதினெட்டு வயது இளைஞர் இதில் கைதேர்ந்தவரானார். அவர் செய்த பத்திரங்களை ஒரு குடியானவர் தம் தேன்கூட்டுப் பெட்டிகளில் ஒளித்து வைத்தார். பொய் சொல்லாதே என்று தினமும் பாடம் நடத்துகிற இடத்தில், ஆஜர்ப் பட்டியலிலேயே பொய்ப் பெயர்! வாத்தியார் அப்பெயரைக் கூப்பிட வேண்டும். பிள்ளை தயங்காமல் "ஆஜர்" சொல்ல வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்கு, உன் பெயர் உன் பெயரல்ல என்று சொல்லிக் கொடுப்பதற்கு எப்படித்தான் மனம் வந்திருக்கும்? தெய்ஸுக்கும் த்ரோக்மேக்கும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று இக்கட்டுரை எழுதும்போது பலமுறை யோசித்தோம். பொய்ப் பெயரைத்தான் கூப்பிட்டிருப்போம் என்று நம்ப விரும்புகிறோம். அவ்வளவு தைரியம் இருந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

1943 பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு இரண்டு போலீஸார் த்ரோக்மேயைக் கைது செய்ய வந்தார்கள். அவர் வீட்டில் இல்லை. காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்ததும் பெட்டி தயார் செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. மாக்தா போலீஸாரையும் மேஜைக்கு அழைத்து உட்காரச் சொன்னாள். கணவனைப் பிடித்துப் போக வந்தவனுக்கா சோறு என்று பிற்காலத்தில் பலர் அவளைக் கேட்டார்கள். சாப்பாட்டு நேரம், எல்லோரும் பசியோடிருந்தோம் என்றுதான் அவள் பதில் சொன்னாள். செய்தி பரவி ஊரே வாசலில் கூடிவிட்டது. மெழுகுவர்த்தி, மத்தி மீன் டப்பா என்று வீட்டிலிருந்த அபூர்வப் பொருள்களையெல்லாம் கொண்டு வந்து கொடுத்து வழியனுப்பினார்கள். தெய்ஸும், ஊர் ஸர்க்கார் பள்ளித் தலைமை ஆசிரியர் ரோஜே தார்ஸிஸாக்கும் அன்றே கைதானார்கள். மூவரும் சுமார் ஒரு மாதம் முகாமில் இருந்து விடுதலையானார்கள்.

இனிமேல் சொல்ல வேண்டியது துக்கமான பாகம்.

பாதிரியாருக்கு உறவினர் ஒருவர். தானியேல் த்ரோக்மே என்று பெயர். 1912-இல் பிறந்தவர்; பௌதிக சாஸ்திர உபாத்தியாயர்; பெய்ரூத்திலும் ரோமாபுரியிலும் வேலை பார்த்தவர். இருதயம் பலவீனம். 1942-இன் இலையுதிர் காலத்தில் பாதிரியார் அழைத்ததன் பேரில் ஷாம்போனுக்கு வந்து 'லெ க்ரியோன்' என்ற குழந்தைகள் இல்லத்தை நடத்தத் தொடங்கினார். இந்தப் பெயருக்குச் சிள்வண்டுகள் என்று அர்த்தம். தாம் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பின்னால் தாமே வெட்கப்படக்கூடாது என்பதுதான், அவ்வேலையை ஏற்றதற்கு அவர் பெற்றோருக்கு எழுதிய காரணங்களில் ஒன்று. இரவில் குழந்தைகள் தூங்கின பிறகு பழைய மோட்டார் டயரை அறுத்து அவர்களுடைய ஜோடுகளுக்கு அடி வைத்துத் தைப்பார். அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் பனியில் நடந்து போக வேண்டியிருந்தது. சாஸ்திரம் படித்த கை செருப்புத் தைத்தது. சில மாதம் கழித்து, வயது வந்த மாணவர்கள் தங்கிய 'மேஸோன் தே ரோஷ்' என்ற இல்லத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

1943 ஜூன் 29-ஆம் தேதி விடியற்காலையில் ஜெர்மன் ரகசியப் போலீஸார் அந்த இல்லத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். தானியேல் அங்கே இல்லை. குழந்தைகளோடு மற்ற இல்லத்தில் இருந்தார். அவரைத் தேடி வருகிறார்கள் என்பது தெரிந்தும் பின்பக்கத்துக் காட்டுக்குள் ஓடவில்லை. என் மாணவர்கள் பிடிபட்டிருக்கும்போது நான் எங்கே போவது என்று, பிடிக்க வந்தவர்களோடு நடந்தார். செய்தி கேட்டு மாக்தா வந்தாள். சமையற்கட்டு வழியாக உள்ளே போனதால் அவளைச் சமையற்காரி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மாணவர்களில் ஸ்பெயின் தேசத்தவன் ஒருவன் உண்டு. சில நாட்களுக்கு முன், லிஞோன் ஆற்றில் மூழ்கிய ஒரு ஜெர்மன் சிப்பாயை அவன் கரை சேர்த்திருந்தான். காயமடைந்த ஜெர்மன் சிப்பாய்கள் ஊர் ஹோட்டலில் தங்கித் தேறி வந்த காலம் அது. தானியேல் இதை நினைவுபடுத்தவே, மாக்தா ஹோட்டலுக்கு ஓடி, அங்கிருந்த அதிகாரிகளை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைத்தாள். அந்த ஒரு மாணவனை விட்டுவிட்டார்கள். பதினெட்டு மாணவர்களையும் அவர்களுடைய வாத்தியாரையும் கொண்டு போனார்கள். முகாம் முகாமாக மாற்றப்பட்டுப் போலந்து தேசத்து மாய்தானெக் முகாமில் 1944 ஏப்ரலில் தானியேல் இறந்தார். வயது முப்பத்திரண்டு கூட நிறையவில்லை. மாணவர்களிலும் பலர் திரும்பி வரவில்லை.

மற்ற இல்லங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அவ்வூரும் சுற்றுப்புறமும் காப்பாற்றியவர்கள் 5,000 பேர் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பின் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கையில் நமக்குப் பிடிவாதமில்லை. ஒரே ஒருவரை மட்டும் குறிப்பிடுகிறோம். பெர்லினில் பிறந்த ஒரு பையன், தாயோடு முகாமில் அடைபட்டிருந்து, 1942-இல் லா கெஸ்பி இல்லத்துக்கு வந்தான். சோதனை வரும்போதெல்லாம் இரண்டொரு நாள் காட்டில் ஒளிந்திருந்து, திரும்பி வந்து, ஷாம்போன் பள்ளியிலேயே படித்துத் தேறினான். அலெக்ஸாந்தர் க்ரோதெந்தீக் என்று அவனுக்குப் பெயர். 1966-இல் கணித சாஸ்திரத்தின் மிகப் பெரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர் அவரே. இருபதாம் நூற்றாண்டின் முதல்வரிசைக் கணித மேதைகளில் ஒருவருக்கு அந்தக் கிராமம் சூப் ஊற்றியிருக்கிறது. அதே மலையில், சற்றுத் தள்ளி ஒரு பண்ணையில், க்ஷயரோகத்துக்கு நல்ல காற்றுத் தேடி வந்த ஆல்பேர் காம்யூ தங்கித் தம் 'கொள்ளை நோய்' நாவலை எழுதிக் கொண்டிருந்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறோம்.

மாக்தா 1949-ஆம் வருஷக் கடைசியில் நம் நாட்டுக்கு வந்தாள். சாந்திநிகேதனத்திலும் சேவாக்கிராமத்திலும் நடந்த உலக சமாதான மகாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளில் அவளும் ஒருத்தி. காந்தியடிகள் மறைந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. 1990-இல் யூதர்களின் ஞாபக ஸ்தாபனமான யாத் வஷெம், தனி மனிதர்களுக்கு அளிக்கும் கௌரவத்தை அந்த ஊருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் சேர்த்தே அளித்தது. பள்ளிக்கூடம் 2014-இல் மூடப்பட்டுவிட்டது என்பது நமக்கு வருத்தம். அதற்கு முந்தின வருஷம், அக்காலத்து நினைவுகளுக்காக ஊரில் ஒரு காட்சிசாலை திறந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நண்பருக்காக ஒன்று மீதி வைத்திருந்தோம். ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்த ஒரு யூதக் குடும்பத்தின் பையன், முகாமிலிருந்து தப்பி, 1943-இல் ஷாம்போனுக்கு வந்து சேர்ந்தான். அங்கேயே வளர்ந்து, பிறகு மருந்து சாஸ்திரம் படித்து லியோன் பக்கத்தில் வாழ்ந்தான். தன் கதையை அதிகமாக யாரிடமும் சொன்னதில்லை. 2020 டிசம்பரில், தொண்ணூறு வயதில் இறந்தபோது, உயில் திறக்கப்பட்டது. பிள்ளையில்லாத அவர் தம் சொத்தைப் பெரும்பாலும் ஷாம்போன் கிராமத்துக்கே எழுதி வைத்திருந்தார். சுமார் இருபது லட்சம் யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. ஊர்க் குழந்தைகளின் படிப்புக்கும் இளைஞர் நலத்துக்கும் செலவிட வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை.

நேற்று மாலை நண்பரைக் கண்டு இதைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊரார் அந்தப் பணத்தை வாங்கிக் கொண்டார்களா?" என்று கேட்டார்.

"வாங்கிக் கொண்டார்கள்" என்றோம்.